உத்தமபாளையத்துக்கு ஒன்பது கிலோ ஆஸ்திரேலியச் சாப்பாடு

இந்தத் தளத்தில் வழக்கமாக ஆஸ்திரேலியாவில் நான் சுற்றிய இடங்களைப் பற்றித்தான் எழுதுவேன். இது சொந்த ஊருக்குப் போன கதை. போன ஜூலையில் பதினான்கு நாள் விடுப்பெடுத்து அடிலெய்டிலிருந்து உத்தமபாளையம் போய் வந்தேன். ஊருக்குச் சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோவது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதற்கும் பதில் இதில் இருக்கிறது. சந்தோஷமான பயணக் கதை வேண்டுமென்றால் பழைய பதிவுகளில் ஏதாவது ஒன்றைப் படித்துக்கொள்ளுங்கள்.

போன காரணம் அத்தா. எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நோய் அடங்கியதா என்று யாருக்கும் தெரியவில்லை, நாக்கு செத்துப்போனது மட்டும் தெரிந்தது. உப்பு, புளி, இனிப்பு எதுவும் தெரியாது, மணமும் போய்விட்டது. பிரியாணி வைத்தால் மண்ணைத் தின்கிறாற்போல இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாராம். எழுபத்தெட்டு கிலோ இருந்த மனிதர் ஐம்பத்திரண்டுக்கு வந்துவிட்டார். வயிற்றில் குழாய் வைத்து அதன் வழியாக உணவு கொடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உடம்பு தாங்காது என்று தேனியில் டாக்டர் சொல்லிவிட்டார். அத்தா முடியவே முடியாது என்றார்.

அவர் கம்பத்தில் பன்னீர் திராட்சை வியாபாரி. தோட்டத்துக்குப் போவார், கொத்தில் ஒரே ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போடுவார், கண்ணை மூடுவார், விலை சொல்வார். முப்பது வருடம் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அந்த நாக்கால்தான்.

நான் ஏழு வருடமாக அடிலெய்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். போன புதிதில் அங்கே எதைத் தின்றாலும் அன்றே போன் போட்டு அத்தாவிடம் சொல்ல வேண்டும். சும்மா நன்றாக இருந்தது என்றால் விடமாட்டார். புளிப்பு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா, நாக்கில் எந்த இடத்தில் நிற்கிறது என்று சரக்குப் பேசுகிற மாதிரி கேட்பார். அதனால் ஒவ்வொன்றையும் நம் ஊர்ச் சாப்பாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லப் பழகிக்கொண்டேன். வெஜிமைட் என்ற கறுப்புப் பசை, கருவாடு வறுத்த சட்டியைச் சுரண்டி நக்கியது போல. ஜிஞ்சர் பீர், சுக்குக் காப்பியை ஆறவைத்து சோடா ஊற்றியது போல. குவாண்டாங் என்ற காட்டுப் பழத்து ஜாம், நெல்லிக்காயை வெல்லப்பாகில் போட்டது போல.

ஜூன் கடைசியில் அவரே கூப்பிட்டார். "நம்ம பக்கச் சாப்பாடெல்லாம் செத்துப்போச்சும்மா. நீ சொல்லுவியே, அங்கன உள்ள சாமான், அதுகளக் கொண்டா. புது ருசின்னா நாக்கு முழிச்சாலும் முழிக்கும்." அறிவுக்கு ஒத்துவராத பேச்சுதான். ஆனால் நப்பாசை யாரை விட்டது? அன்று மாலையே கடைக்குப் போனேன்.

வாங்கியவை: வெஜிமைட் ஒரு ஜாடி, குவாண்டாங் ஜாம் இரண்டு பாட்டில், லாமிங்டன் என்கிற தேங்காய்ப்பூவில் புரட்டிய கேக் இரண்டு பெட்டி, ஓட்ஸ் போட்ட ஆன்சாக் பிஸ்கட், மெக்கடேமியா கொட்டை, ஜிஞ்சர் பீர் டின் ஆறு. எல்லாம் சேர்த்து நூற்று முப்பத்தாறு டாலர், ஒன்பது கிலோ. ஜெலட்டின் இருக்கிறதா, ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்ததில் கடையிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

அடிலெய்ட், சிங்கப்பூர், மதுரை. போக வர டிக்கெட் 1,420 டாலர். மதுரையில் சுங்கத்தில் டின்னைக் கையில் எடுத்து "பீரா?" என்று கேட்டார்கள். இஞ்சிச் சோடா என்று விளக்கப் பத்து நிமிடம் ஆனது. விமான நிலையத்திலிருந்து உத்தமபாளையத்துக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர் சொச்சம், டாக்சி 3,200 ரூபாய். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் காற்று காரைப் பிடித்து ஆட்டியது. ஜூலையில் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்கள் இந்தக் காற்றுக்குத் தயாராக வாருங்கள். மலை முழுக்க மேகம் அடைத்துக்கொண்டு, ஊர் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தது.

"வெளிநாட்டுலருந்து வாறீகளாக்கா? வீட்டுல விசேசமா?" என்று ஓட்டுநர் கேட்டார். அத்தாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றேன். அதன்பின் தேனி வரும்வரை அவர் பாட்டுப் போடவில்லை. சின்னமனூரில் டீ குடிக்க நிறுத்தினோம், காசு கொடுக்க என்னை விடவில்லை.

வீட்டு வாசலில் நின்றிருந்தவரை முதலில் யாரோ உறவுக்காரர் என்று நினைத்தேன். சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. "என்னம்மா அப்பிடிப் பாக்குற, நாந்தேன்" என்றார். பெட்டியைத் திறக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். ஜிஞ்சர் பீர் என்று படித்துச் சொன்னதும் அம்மாவுக்கு முகம் சுருங்கியது. "பீரா? இந்த வீட்டுலயா?" பெயரில்தான் பீர் என்று அவரைச் சமாதானப்படுத்தினேன்.

அத்தா ஒரு வாய் குடித்தார். கண்ணை இறுக மூடித் திறந்தார். "சுக்குக் காப்பிய ஆறவச்சு சோடா ஊத்துனாப்ல. நீ சொன்ன மாதிரியேதான் இருக்கு." மறுநாள் லாமிங்டனைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன். "தேங்கா மொதல்ல வருது, சாக்லேட்டு பின்னால" என்றார். ஜாமுக்கு நெல்லிக்காய் என்றார். எல்லாமே மூன்று கரண்டிதான். இருந்தாலும் மூன்று மாதமாக எந்தச் சாப்பாட்டுக்கும் பெயர் சொல்லாத மனிதர் சொல்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "ருசி திரும்பிருச்சு. திங்கக்கிழமை டாக்டர்ட்ட குழாய் வேணாம்னு சொல்லிருவோம்" என்றார். நானும் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் காலை அவரே தோட்டத்துக்குப் போகலாம் என்றார். சுருளிப்பட்டிப் பக்கம், ஆட்டோ போக வர 500 ரூபாய், காத்திருப்பும் அதில் சேர்த்தி. பந்தலுக்குக் கீழே நுழைந்தால் ஈரமும் இருட்டும். தோட்டக்காரர் ராசு அண்ணன் அத்தாவோடு இருபது வருடம் யாவாரம் செய்தவர். அத்தாவின் உடம்பைப் பார்த்துவிட்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"ராவுத்தரே, ஒரு பழத்த வாயில போட்டுப் பாருங்க. மழ வேற மூட்டமா இருக்கு. நீங்க சொன்னா நாளைக்கே வெட்டிருவேன்."

அத்தா ஒரு பழத்தைப் பிய்த்தார். விரலில் உருட்டினார். வாய் வரை கொண்டுபோகவில்லை. "வேற யாரையாச்சும் கூப்புட்டுக் காட்டிக்கப்பா" என்று சொல்லிவிட்டு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் தின்று பார்க்கவில்லை என்று ஆட்டோவில் கேட்டேன். "அவனோட ஒரு வெள்ளாமப் பாடும்மா. வெளாட்டா?" என்றார். தொண்டை வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் காலை வெஜிமைட் கேட்டார். அம்மா ரொட்டியின் ஓரத்தை நீக்கி, பாலில் நனைத்து, கறுப்பாகத் தடவிக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தா நிதானமாக மென்றார். "கருவாட்டுச் சட்டியச் சொரண்டி நக்குனாப்லல்ல இருக்கு. சரியாத்தான் சொல்லிருக்க" என்றார். இன்னொரு துண்டு தடவிக்கொண்டு வரலாம் என்று அடுப்படிக்கு ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்த டப்பாவத் தொடாத. தொட்டு நக்கிப் பாத்தேன், உப்பு அப்பிடிக் கரிக்குது. அவுக வாயி பூராம் புண்ணு, எரிஞ்சு போகும். நான் பேரீச்சம்பழப் பாகத்தான் தடவிக் குடுத்தேன். அவுகட்ட சொல்லிராத."

பேரீச்சம்பழப் பாகு. தேனுக்குத் தம்பி மாதிரி இனிக்கிற சாமான். அதைத் தின்றுவிட்டுத்தான் கருவாடு என்றார். ஒரு ருசியும் திரும்பவில்லை. ஏழு வருடமாக நான் போனில் சொன்னதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்து, வரிசையாக என்னிடமே ஒப்பித்திருக்கிறார்.

மதியம் தொழுகை முடித்து அவர் கட்டிலில் சாய்ந்திருந்தபோது போய்ச் சொன்னேன். "அத்தா, காலையில நீங்க சாப்பிட்டது பேரீச்சம்பழப் பாகு."

"உங்கம்மா வேலையா" என்றார். கோபமில்லை. "ருசி வந்துருச்சுன்னா குழாய் வேணாம்பாகன்னு பாத்தேன். நீயும் நிம்மதியா பிளேன் ஏறிப் போவ."

"ஒடம்பு போயிட்டிருக்கே அத்தா."

"வாயில ஒரு சொட்டுப் படாம வகுத்துக்குள்ள ஊத்துறதெல்லாம் சாப்பாடாம்மா? மோட்டாருக்கு டீசல் ஊத்துறாப்லல்ல. என் நாக்குக்கு அப்பறம் என்ன சோலி?"

அப்போதுதான் என் வேலையைப் பற்றிச் சொன்னேன். இத்தனை வருடம் போனில் பேசியதெல்லாம் தின்ற கதைதான், வேலையைப் பற்றி அவர் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. எங்கள் இல்லத்தில் நான்கு கிழவர்களுக்கு வயிற்றில் குழாய் இருக்கிறது, காலையும் மதியமும் நான்தான் ஊற்றுகிறேன் என்றேன். அத்தா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"அதுல என்னத்த ஊத்துவ?"

"டின்ல வரும் அத்தா. பால் மாதிரி."

"நீ நக்கிப் பாத்திருக்கியா?"

பார்த்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், புறங்கையில் சிந்திய ஒரு சொட்டு. ஆஸ்திரேலியாவில் நான் ருசி பார்த்ததில் அவரிடம் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

"எப்பிடி இருந்துச்சு?"

"வெண்ணிலா ஐஸ்கிரீம் உருகுனாப்ல. அப்பறம் சத்துமாவுக் கஞ்சி. கடைசியில, இரும்புச் சட்டியில காச்சுன பால் இருக்கும்ல, அந்த வாட."

"இனிப்பு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால. பின்னால ஒண்ணுமே இல்ல."

அத்தா கண்ணை மூடினார். தோட்டத்தில் விலை சொல்வதற்கு முன்னால் மூடுகிற அதே மாதிரி. வாய் லேசாக அசைந்தது. நான் அழக்கூடாது என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாந்தரச் சரக்கு" என்றார். பிறகு, "சரி. திங்கக்கிழமை போவோம்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் காரில் கிளம்பினோம். உத்தமபாளையத்திலிருந்து தேனி முப்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். குழாய் வைக்க முக்கால் மணி நேரம்தான் ஆனது. இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். எப்படி ஊற்றுவது, எப்படிக் கழுவுவது என்று அம்மாவுக்குப் பழக்கிக் கொடுத்தேன். அம்மா ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினார். தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கிளம்பும்போது அத்தா ஐம்பத்து மூன்று கிலோ இருந்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜாம் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். ஜிஞ்சர் பீரைத் தவிர்ப்பது நல்லது, கனமும் அதிகம், சுங்கத்தில் பதில் சொல்லியும் மாளாது. லாமிங்டன் நம் ஊரில் மூன்று நாளைக்கு மேல் நிற்காது. மெக்கடேமியா கொட்டைதான் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் பிடித்தது, முந்திரிக்கு அண்ணன் என்றார்கள். தனியாகப் போகிறவர்கள் மதுரை ஆரப்பாளையத்தில் கம்பம் பஸ் ஏறினால் டாக்சிச் செலவில் முக்கால்வாசிக்கு மேல் மிச்சம். கதிர்வீச்சு முடிந்தவர்களுக்கு எதைக் கொண்டுபோனாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள், உப்பும் புளியும் வாய்ப்புண்ணில் பட்டால் உயிர் போகும். ருசி திரும்பிவிட்டது என்று அவர்கள் சொன்னால், எடை பார்க்கும் மெஷினில் ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

நான் திரும்பி வந்த மூன்றாவது வாரம் அத்தாவுக்குக் குரல் போய்விட்டது. நோய் மறுபடி தலைகாட்டுகிறது என்கிறார்கள். இப்போதும் வேலை முடிந்ததும் தினம் போன் செய்கிறேன், அம்மா போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொள்கிறார். நேற்று மதியம் கடையில் மீட் பை என்கிற, கறி அடைத்துச் சுட்ட பண்டம் ஒன்று தின்றிருந்தேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே கறி கூழாகிக் கிடந்தது, மிளகு பெயருக்குத்தான், உப்பு பின்னால் வந்தது என்று சொன்னேன். எதிர்ப்பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. வேறு சொல்ல ஒன்றுமில்லாமல் நிறுத்தினேன். அம்மா போனை வாங்கினார்.

"இன்னும் சொல்லச் சொல்றாக" என்றார்.