பூட்டிக்கொண்ட கனவுகள்

போன மாதம் கொல்லிமலையில் நான்கு நாள் தங்கியிருந்தேன். ஆதார் நகல் எடுக்க, செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மணி மூன்றுதான். அதற்குள் மேகம் இறங்கி, எதிர்க் கடையையே காணோம்!

உள்ளே ஒரு பெண் புத்தம்புது லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். பெயர் பூங்கொடி. மலையின் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான குண்டூர் நாட்டில் அங்கன்வாடிப் பணியாளர்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுங்க. காலையில தொறந்தா எழுத உடமாட்டேங்குது."

எட்டிப் பார்த்தேன். டைப் செய்யும் சாஃப்ட்வேரின் மேல் ஒரு அறிவிப்பு. 'உங்கள் இலவசக் காலம் முடிந்தது. தொடர, வாங்குங்கள்.' கீழே இரண்டு பட்டன்கள். ஒன்று, 'இப்போதே வாங்கு'. இன்னொன்று, 'பிறகு நினைவூட்டு'. 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு பட்டன் இருக்கக்கூடாதா?

லேப்டாப் வாங்கும்போது, "எல்லாமே உள்ளயே இருக்குதுங்க" என்றாராம் கடைக்காரர். இருந்தது... ஒரு மாதத்துக்கு!

பூங்கொடி அஞ்சல் வழியில் டிகிரி படிக்கிறார். கடைசி வருடம். ப்ராஜெக்ட்டை அன்று ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருடம்.

"என்ன ப்ராஜெக்ட்?"

கொஞ்சம் கூச்சப்பட்டார். "எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு வர்ற கனவுங்க."

முப்பது பெண்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார். படிக்க மட்டும் ஃபைல் திறந்தது. ஒருத்தியின் கனவில் மிளகுக்கொடி ஜன்னல் வழியாக வந்து, சாப்பாட்டுத் தட்டைச் சுற்றிக்கொள்கிறது. இன்னொருத்தி கொண்டை ஊசி வளைவு எல்லாவற்றிலும் தானே பஸ் ஓட்டி இறங்குகிறாள், பிரேக்கே போடாமல். நான்கு பிள்ளைகள் பெற்ற ஒருத்தியின் கனவில் அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கனவு!

எழுந்து வர மனமில்லை எனக்கு.

"'உன் கனவையும் சேர்க்கணும்'னு ப்ராஜெக்ட்டைப் பார்க்கற மேடம் சொல்லிட்டாங்க. வெக்கப்பட்டுத் தள்ளிக்கிட்டே வந்தேன். இன்னைக்கு எழுதலாம்னு பார்த்தா... பூட்டிக்கிச்சு."

சென்டர் நடத்தும் குமார், "நம்ம மெஷின்ல இருக்கறது பழசுக்கா. இந்த ஃபைலைத் தொறக்கலை" என்றார்.

என் கார்டில் வாங்கித் தரட்டுமா என்றேன். பூங்கொடி மறுத்துத் தலையாட்டினார். "வேண்டாமுங்க. கார்டு நம்பரைக் குடுத்தா வருசா வருசம் எடுப்பாங்களாமே?"

ஒரு நாளும் திறந்து பார்க்காத ஒரு ஆப்புக்கு இரண்டு வருடமாகத் தண்டம் அழும் ஆள் நான்!

"காசில்லாம கிடைக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்குதுக்கா. இறக்கிரலாம். ஆனா மேகம் வந்தா இங்க நெட்டு நடக்கத்தான் செய்யும், ஓடாது" என்றார் குமார்.

நடந்தது. பத்து சதவீதம்... பதினொன்று... வெளியே ஒரு பஸ் ஹார்ன் மட்டும் மேகத்துக்குள் மிதந்து போனது. மூன்று பேரும் ஒரே தூக்கத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

நாலரைக்கு முடிந்தது. ஃபைல் திறந்தது. எழுத்துகள் ஒன்றிரண்டு இடம் மாறியிருந்தன. ஆனால் இப்போது தொட முடிந்தது, திருத்த முடிந்தது.

பூங்கொடி கடைசிப் பக்கத்துக்குப் போனார். யோசிக்கவே இல்லை, தட்டினார்.

'நான் காலேஜில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வருகைப் பதிவு எடுக்கிறார்கள். என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. விழித்துவிடுகிறேன்.'

ப்ளஸ் டூ முடித்ததும் கல்யாணமானவர். காலேஜ் வாசலைப் பார்த்ததில்லை.

நான்கு ஐம்பத்தைந்துக்கு அனுப்பினார். 'பெறப்பட்டது' என்று திரையில் வந்தது. "போயிருச்சுங்களா? நெசமாவா?" என்று குமாரை மூன்று முறை கேட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

புதுப் பொருள் வாங்குகிறோம், முழுக் காசு கொடுக்கிறோம். அதற்குள்ளேயே இன்னொரு கடையை வைத்து அனுப்புகிறார்கள். நாம் பழகும் வரை அது பேசுவதில்லை. நம் சொந்த எழுத்து உள்ளே போனபிறகுதான் விலை சொல்கிறது. இதற்கு இலவசம் என்று பெயர்!

அன்று என் நம்பரை வாங்கிக்கொண்ட பூங்கொடி, போன வாரம் போன் செய்தார். ப்ராஜெக்ட்டில் பாஸ்!

"இன்னொண்ணுங்க... அந்தப் பழைய சாஃப்ட்வேர்க்காரங்க மெயில் அனுப்பியிருக்காங்க. 'பூங்கொடி, உங்களை மிஸ் செய்கிறோம், திரும்பி வாருங்கள்'னு."

"அடடே!"

"பதினெட்டு வருசமாக் குடும்பம் நடத்துறேன். எங்க ஊட்டுக்காரரே ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லீங்க!"