வரி கேட்ட குரல்

வருமான வரித் திணைக்களத்திலிருந்து பேசுகிறேன் என்று ஒரு குரல் சிங்களத்தில் சொன்னதும் நான் எழுந்து நின்றேன். குரல் வந்தது கைத்தொலைபேசியில். நான் நின்றது மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில், என் வீட்டு முன்னறையில், அவிழ்ந்துவிடப் பார்த்த சாரத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி. நான் நிற்பது அந்த மனிதருக்குத் தெரியப்போவதில்லை என்பதை, பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற முறையில் நான் ஊகித்திருக்கலாம். ஊகிக்கவில்லை. பேச்சு முடியும்வரை உட்காரவும் இல்லை. அந்தக் காலையை நினைக்கும்போதெல்லாம் முதலில் என் கண்ணுக்கு வருவது பறிபோன காசு அல்ல, நாற்காலி பக்கத்திலேயே இருக்க, காற்றுக்கு மரியாதை செய்துகொண்டு நின்ற அந்த உருவம்தான். இரண்டாவதாக வருவது என் மதினியின் கடையில் நூலில் தொங்கிய நாணயம்.

போர் முடிவதற்கு முந்திய வருடம் அது. மாத்தளையில் போர் நடக்கவில்லை. ஆனால் வடக்கே போகிற ஏ9 வீதி எங்கள் வாசலை உரசிக்கொண்டுதான் போனது, அந்த வீதியில் போகிற எல்லாமே எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகும். அடையாள அட்டை எங்கள் உடம்பில் ஓர் உறுப்பாகிவிட்டிருந்தது. சீருடை போட்டவர் கேட்டாலும் போடாதவர் கேட்டாலும், கொஞ்சம் அதிகாரமாக யாராவது செருமினாலே, கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விடும். ஆகவே அந்தக் குரல் ‘அடையாள அட்டை இலக்கம்’ என்று ஆரம்பித்தபோது, வாக்கியம் முடிவதற்குள் நான் இலக்கங்களையும் கடைசி எழுத்தையும் ஒப்புவித்து முடித்திருந்தேன். என் கலியாண நாள் எனக்கு மறந்துபோகும், அதற்கான தண்டனையும் வருடாவருடம் கிடைக்கும். அந்த இலக்கம் மட்டும் மறந்ததே இல்லை.

‘சம்பளத்துக்கு வெளியே உங்களுக்கு வருமானம் உண்டல்லவா?’ என்று குரல் கேட்டது. மாலையில் டியூஷன் வகுப்பு ஒன்று வைத்திருந்தேன், உண்மைதான். ஆனால் நான் முந்திக்கொண்டு சொன்னது அதையல்ல. ‘பத்திரிகைக்கு எழுதுறேன், சேர். நகைச்சுவைக் கட்டுரை.’ மறுமுனை சற்று யோசித்தது. ‘ஆமாம். அதுதான்’ என்றது. பயத்தின் நடுவிலும் எனக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி பரவியதை மறைப்பதற்கில்லை. என் கட்டுரைகளை வீட்டுக்கு வெளியே ஒருவரும் படிப்பதில்லை என்று மனைவி சொல்லிவந்தாள், வீட்டுக்குள் அவளும் படித்ததில்லை. இதோ, கொழும்பில் ஒரு திணைக்களமே படித்திருக்கிறது.

குளிர்ச்சி அதிக நேரம் நீடிக்கவில்லை. பல வருட வரி பாக்கி என்றார். தமிழ் ஆள் ஒருவர் கணக்குக் காட்டாமல் காசு சேர்த்தால் அந்தக் காசு எங்கே போகிறது என்று விசாரிக்க வேறு இடம் இருக்கிறது என்றார். என் பெயரில் இருக்கிற ஃபைலை, அந்தக் கோவையை, அங்கே அனுப்பினால் மாலைக்குள் ஜீப் வரும். இன்றைக்கே ஒரு பகுதியைக் கட்டினால் கோவை அவர் மேசையைவிட்டு நகராது. வங்கிக்கு அலையவும் வேண்டாம். கைத்தொலைபேசிக்குக் காசு ஏற்றுகிற ஆயிரம் ரூபாய் ரீலோட் அட்டை பத்து வாங்கி, சுரண்டி, இலக்கங்களை அவருக்கு வாசித்தால் போதும். லைனை வெட்டக்கூடாது, யாரிடமும் வாய் திறக்கக்கூடாது.

வரியைத் தொலைபேசி அட்டையில் வாங்கும் அரசாங்கம் எங்காவது உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் காதில் ஜீப் என்ற சொல் விழவில்லை. எங்கள் ஒழுங்கையில் பேக்கரி வேலைக்காரர் ஒருவரை ‘ரெண்டு கேள்வி’ கேட்பதற்காக ஏற்றிப்போன ஜீப், அவரைத் திருப்பிக் கொண்டுவர மாதக்கணக்கு எடுத்தது. வந்தவர் அதன்பிறகு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை, ‘பாண் இருக்கா’ என்பதற்குக்கூட. மனைவியும் மகளும் கண்டிக்குப் போயிருந்தார்கள். மகளின் கம்ப்யூட்டர் வகுப்புக்கென்று அலுமாரியில் வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு, சாரத்தை மாற்றி, காதில் தொலைபேசியோடு வீதியில் இறங்கினேன்.

வீதி முழுக்க வெள்ளையாக இருந்தது. வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாக, கையில் தாமரை மொட்டோடு ஆட்கள் விகாரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பிக்குகள் பிரித் ஓதும் சத்தம். இறைச்சிக்கடை சாத்தியிருந்தது, சாராயக்கடைக் கதவிலும் பூட்டு. நான் மட்டும் அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில், ‘ஆமா சேர், நடக்கிறேன் சேர்’ என்று சொல்லிக்கொண்டு போனேன். காவலரணில் நின்ற சிப்பாய் திரும்பிப் பார்த்தார். உடனே மற்றக் கையால் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் கேட்கவேயில்லை. போங்கள் என்று கையை அசைத்தார். துப்பாக்கி வைத்திருந்தவர் என்னை விட்டுவிட்டார், காதுக்குள் இருந்தவர்தான் விடவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சிப்பாயே எனக்கு உதவியிருக்கக்கூடும். அப்படி ஒரு வழி இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

சந்தியில் என் மதினியின் கொமியுனிகேஷன் இருந்தது. அண்ணன் கட்டாருக்குப் போய் அனுப்பிய காசில் அவர் தொடங்கிய கடை. வெளிநாட்டுக் கோல், போட்டோகொப்பி, ரீலோட் அட்டை. மேசையோரத்து ஆணியில் நூலைக் கட்டி, துளை போட்ட இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார், அட்டை சுரண்டுகிறவர்களுக்காக. ஏன் கட்டிவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், ‘வர்றவங்க எல்லாம் நல்லவங்கதான் தம்பி, கைதான் மறதியாத் தூக்கிட்டுப் போயிருது’ என்பார். மதினி உயரமான பெண், குரல் அவரைவிட உயரம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், டவுன் தையற்கடையில் சிங்களப் பெண்களோடு வேலை செய்து, எங்கள் யாரையும்விடத் திருத்தமாகச் சிங்களம் பேசுவார். என்னை அவர் பெரிதாக மதித்தார் என்று சொல்லமாட்டேன். என் கட்டுரை வந்த பத்திரிகையைத்தான் போட்டோகொப்பி மெஷினுக்கு அடியில் விரித்திருந்தார். மையை நன்றாக உறிஞ்சுகிறதாம்.

‘ஆயிரம் ரூபா அட்டை பத்து’ என்றேன்.

‘பத்தா? அண்ணனுக்கா கோல் எடுக்கப்போறீங்க? நான் எடுத்தாலே அவருக்கு மூணு நிமிஷத்துல தூக்கம் வந்துரும்.’

வாயில் விரலை வைத்துக் காட்டினேன். இரண்டு அட்டைகளை எடுத்துப்போட்டு, மற்றதைத் தேடுகிறேன் என்று மேசை லாச்சியைத் துழாவினார். நூல் குட்டை. குனிந்துதான் சுரண்ட வேண்டும். ஒரு காதில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, மேசைமேல் கவிழ்ந்து, இரண்டு அட்டையையும் சுரண்டி வாசித்தேன். நகத்தில் சாம்பல் நிறப் பொடி. நிமிர்ந்தபோது மதினி லாச்சியை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘போன கிழமை தையல்கார அண்ணனும் இப்புடித்தான் வந்து நின்னாரு. காதுல போனு, மூஞ்சியில வேர்வை. நான் ஒண்ணும் கேக்காம வித்துட்டேன்’ என்றார். ‘லைன்ல யாரு தம்பி?’

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, ‘வருமான வரி’ என்று கிசுகிசுத்தேன்.

மதினி என்னைப் பார்த்தார். வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்த வீதியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

‘இன்னைக்கா?’

கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினார். மிகப் பணிவான சிங்களத்தில், ‘மாத்தயா, இன்னைக்குப் போயா ஆச்சே. உங்க வரிக் கந்தோர் தொறந்திருக்கா?’ என்று கேட்டார். லைன் வெட்டுப்பட்டது.

பௌர்ணமிதோறும் இந்த நாட்டில் அரசாங்கம் லீவு. இறைச்சி வெட்டுகிற கத்திகூட அன்றைக்கு ஓய்வெடுக்கும். நான் அந்நேரம் சாரத்தோடு வீட்டில் இருந்ததே போயாவுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பதால்தான். அரசாங்க ஊழியனாகிய நான் லீவில் இருந்துகொண்டு, இன்னோர் அரசாங்க ஊழியர் லீவு நாளில் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்று நம்பினேன். அரசாங்கத்தின் மேல் நான் என் வாழ்நாளில் வைத்த மிகப் பெரிய நம்பிக்கை அதுதான்.

மதினி சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. பிறகு, ‘ரெண்டு அட்டை போச்சு. வேற என்னத்தக் குடுத்தீங்க?’ என்றார்.

‘ஐடென்டிட்டி நம்பர்.’

சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருக்கும் சிம் யாருடையது என்பதற்குத் தொலைபேசிக் கம்பனி தந்த கடிதத்தைச் சுமந்துகொண்டு திரிந்த காலம் அது. என் இலக்கத்தை வைத்து எவனாவது ஒரு சிம் எடுத்தால், அது எங்கே போய், யார் கையிலிருந்து, எதற்காக ஒலிக்கும் என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

‘பொலிஸுக்குப் போவோம்’ என்றார்.

‘வேணாம் மதினி. ரெண்டாயிரத்தோட தொலையட்டும்.’

‘ரெண்டாயிரம் தொலையட்டும். நீங்க தொலைஞ்சா உங்க அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?’

என் நிலைமை அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். பொய் ஜீப்புக்குப் பயந்து காசு கொடுத்தவன், உண்மையான ஜீப் நிற்கிற இடத்துக்குத் தானாக நடந்துபோய், என் இலக்கம் முகம் தெரியாத ஒருவனிடம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சொன்னாலும் மாட்டினேன், சொல்லாவிட்டாலும் மாட்டினேன். இதையெல்லாம் நான் கோர்வையாக விளக்கி முடித்தபோது அவர் கடைக்கதவைப் பாதி இழுத்திருந்தார்.

‘நாம போகமாட்டோம்னு அவனுக்கும் தெரியும் தம்பி. அந்தத் தைரியத்துலதானே கோல் எடுக்கிறான். நடங்க.’

பொலிஸுக்குப் போயா லீவு கிடையாது. அதனால் சலித்துப்போன ஒரு சார்ஜன்ட் அங்கே இருந்தார். என் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பெயரைப் பார்த்தார், தொழிலைப் பார்த்தார், பிறந்த தோட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுவரோரத்து மரவாங்கில் உட்காரச் சொன்னார். மதியம் தாண்டியும் உட்கார்ந்திருந்தோம். அட்டை அவர் மேசையில் கிடந்தது. அது அங்கே கிடக்கும்வரை நான் வெளியே போக முடியாது. கதவு திறந்துதான் இருந்தது, வீதியில் பஸ் போவதும் தெரிந்தது.

கடைசியில் கூப்பிட்டார். மதினி போயா கதையைச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பேனையை எடுத்து, ‘இலக்கத்தை ஏன் கொடுத்தீர்கள், மாஸ்டர்?’ என்று கேட்டார்.

‘கேட்டார், சேர்.’

‘யார் கேட்டாலும் கொடுப்பீர்களா?’

‘ஆமா சேர்’ என்றேன். அதைவிட நேர்மையான பதில் என்னிடம் இல்லை. சார்ஜன்ட் சிரிக்கவில்லை. முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார். அழைப்பு வந்த நம்பர், வாசித்த அட்டைகள், பறிபோன இலக்கம், எல்லாவற்றையும் எழுதினார். முறைப்பாட்டு இலக்கத்தைத் துண்டில் எழுதித் தரும்வரை மதினி அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. திரும்பும் வழியில் தையல்காரரின் கதவைத் தட்டி, அவரையும் மறுநாள் அனுப்பிவைத்தார்.

சில வாரம் கழித்து, சாதாரண உடுப்பில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். என் பெயரில் ஒரு சிம் இருக்கிறது, அதிலிருந்து வடக்கே வவுனியாப் பக்கம் பேச்சுப் போயிருக்கிறது என்றார்கள். வாசலில் நிஜமாகவே ஜீப் நின்றது. மனைவி என் சட்டைப்பையில் பிரஷர் மாத்திரையை வைத்தாள். எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்பதெல்லாம் போகிற வழியில் மறந்துபோனது, அந்த இலக்கத்தைத் தவிர. மனைவி போனில் சொல்லி, நிலையத்துக்கு எனக்கு முன்பே மதினி வந்து நின்றார், கையில் அந்தத் துண்டோடு. முறைப்பாடு எழுதியது முதலில், சிம் வாங்கியது பிறகு. அதே சார்ஜன்ட் புத்தகத்தைப் புரட்டி அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். பேக்கரிக்காரருக்கு மாதங்கள் பிடித்த பயணத்தை நான் அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடித்துக்கொண்டு வந்தேன். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஒரு துண்டுக் கடதாசியும் அதைக் கேட்டு வாங்கிய ஒருத்தியும்தான். அந்தக் குரல்காரன் பிடிபட்டானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மதினி நாணயத்துக்கு மேலே தன் கையெழுத்தில், இரண்டு மொழியிலும், ஓர் அறிவித்தல் ஒட்டினார்: ‘போனில் வரி கேட்பவனுக்கு வாசிக்க இங்கே அட்டை விற்கப்படாது.’ அதன்பிறகும் சிலர் காதில் போனோடு வந்து, அதைப் படித்துவிட்டு, அட்டை வாங்காமலே திரும்பிப் போனார்களாம்.

இப்போது அட்டைகளும் இல்லை, சுரண்டலும் இல்லை. கடையில் போன் உறைகள் தொங்குகின்றன. நாணயம் மட்டும் அதே ஆணியில், நூல் கறுத்துப்போய் இருக்கிறது. போன மாதம் மதினியோடு அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஓர் அழைப்பு வந்தது. இம்முறை நல்ல தமிழ். வரி பாக்கி, சட்ட நடவடிக்கை, உடனே இலக்கத்தைச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. அவர் பெயர், பதவி, கந்தோர், அறை எல்லாவற்றையும் நான் கேட்டேன். இந்த நம்பரை இப்போதே பொலிஸுக்குக் கொடுக்கிறேன் என்றேன். அவரே வெட்டிக்கொண்டார். சொன்னபடி நிலையத்துக்குக் கோல் எடுத்து நம்பரையும் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் ஒரு மனிதன் எவ்வளவு தூரம் வந்துவிடலாம் என்ற நிறைவோடு மதினியின் பக்கம் திரும்பினேன்.

மதினி கோப்பையைக் கீழே வைத்தார்.

‘எல்லாம் நல்லாத்தான் பேசுனீங்க தம்பி. எதுக்கு எந்திரிச்சு நின்னீங்க?’