நடுக் காலுக்குப் பச்சை

என் மகனின் அறையிலிருந்து பேச்சுச் சத்தம் நின்றுபோன பிறகுதான் அவனுடைய கருவி கெட்டுவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது.

வீட்டில் அவன் வாய் திறப்பது அந்த ஒரு நேரத்தில்தான். சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் விமானம் ஓட்டுவான். அவனைப் போலவே எங்கெங்கோ உட்கார்ந்து ஓட்டுகிறவர்களோடு இங்கிலீஷில் பேசுவான், சிரிப்பான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எனக்கு ஒரு வரியும் புரியாது. என் மனைவிக்கும் புரியாது. ஆனால் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “பேசறான்” என்று என்னிடம் மெதுவாகச் சொல்வாள்.

நிஜ விமானம் ஓட்டியிருக்க வேண்டியவன். பிளஸ் டூ முடித்ததும் அந்தப் படிப்பில் சேர்வதற்காகச் சென்னையில் மெடிக்கல் பார்த்தார்கள். ஒரு புத்தகத்தில் பக்கம் பக்கமாகக் கலர்ப் புள்ளிகள். எனக்குக்கூட அதில் நம்பர் தெரிந்தது. இவனுக்குப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. சிவப்பும் பச்சையும் இவன் கண்ணுக்குப் பிரியாது, பிறவியிலேயே அப்படி, அம்மா வழியில் வருவது, மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். பைலட் ஆக முடியாது என்பதை அவர் சொல்வதற்கு முன்பே இவன் எழுந்துவிட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி என் காதருகில், “எங்கப்பாவ மொளகா பறிக்க அனுப்பினா பழத்தையும் காயையும் ஒண்ணாப் பறிச்சுட்டு வந்துடுவாரு. நாங்கல்லாம் சிரிப்போம்” என்றாள். அப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

மகன் வேறு ஏதோ படித்தான். இப்போது டவுனில் ஒரு லாட்ஜில் ரூம் புக்கிங் பார்க்கிறான். வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்விடுவான். கேட்டால் ‘ம்’, கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

அப்படிப்பட்டவன் ஒருநாள் அந்தக் கருவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

“இத கொஞ்சம் பாக்கறியாப்பா?”

த்ராட்டில் என்றான். பைக்கில் ஆக்ஸிலேட்டரை முறுக்குவது மாதிரி, விமானத்துக்கு இந்தக் கைப்பிடியை முன்னால் தள்ளினால் வேகம், பின்னால் இழுத்தால் நிதானம்.

“என்னா பண்ணுது?”

“எறக்கும்போது எகிறுதுப்பா. நான் கம்மியாத்தான் வெச்சிருக்கேன், அதுவா ஜாஸ்தியாயிடுது. ரன்வேல போய் மோதறேன். கூட இருக்கவனுங்க கிண்டல் பண்றானுங்க.”

நான் மைக் செட்காரன். கல்யாணம், காரியம், பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தல், எல்லாவற்றுக்கும் செட் கட்டுவேன். மைக்கில் ஹலோ சொல்லிப் பார்க்க மட்டும் கூச்சம். விரலால் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவேன். விமானத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அடி மூடியைக் கழற்றியதும் உள்ளே இருந்தது எனக்குத் தெரிந்த சாமான். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் வால்யூம் கண்ட்ரோல், அதே மூன்று கால். உள்ளே தேய்ந்துவிட்டால் ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்கும். இங்கே ஸ்பீக்கர் இல்லை, அதனால் விமானம் எகிறுகிறது. நோய் பிடிபட்டுவிட்டது. அன்று நான் இருந்த சந்தோஷத்தில் ராத்திரி ரெண்டு இட்லி அதிகமாகவே சாப்பிட்டேன்.

சாமான் வாங்கும் கடையில் பழையதைக் காட்டினேன்.

“எந்த ஆம்ப்ளிக்குண்ணா?”

“ஆம்ப்ளிக்கு இல்லப்பா. ஏரோப்ளேனுக்கு.” வாய் தவறி வந்துவிட்டது.

“அட! இந்தப் பௌர்ணமிக்கு மேலேர்ந்தே பாட்டு போடப் போறியா?”

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாட்டிப் பார்த்தோம். எகிறல் போய்விட்டது. ஆனால் கைப்பிடியைப் பாதி வரைக்கும் தள்ளினாலும் விமானம் அசையவே இல்லை, பாதியைத் தாண்டியதும் பாய்ந்தது. மகன் சத்தமாகச் சிரித்தான்.

“அரவாசி வரைக்கும் தூங்குதுப்பா. அப்புறம் பேய் புடிச்ச மாதிரி ஓடுது.”

செல்போனில் எதையோ தேடிப் படித்தான். “இது காதுக்குன்னு செஞ்சதாம். காதுக்கு இப்படி ஏத்தினாதான் சரியாக் கேக்குமாம். இதுல ‘ஏ’னு போட்டிருக்கு பாரு. நமக்கு ‘பி’ வேணும்.”

நமக்கு என்றான். வாசற்படியில் நின்றிருந்த என் மனைவிக்கும் அது கேட்டது. கேட்காமலேயே காபி வந்தது.

‘பி’ கிடைக்க ஒரு வாரம் ஆனது. அதன் தண்டு நீளம், அரத்தால் ராவிக் குறைத்தேன். சாயங்காலம் அவன் அறையிலேயே தரையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தோம். பழையதில் எந்தக் காலில் எந்த வயர் என்று கழற்றும்போதே பார்த்து வைத்திருந்தேன். தலைமுடி கனத்துக்கு மூன்று வயர்: கறுப்பு, கரண்ட் வருகிற சிவப்பு, பச்சை. கறுப்பை நானே ஈயம் உருக்கி வைத்துவிட்டேன். சாலிடர் பிடிக்கும்போது என் கண் அயர்ன் முனையை விட்டு நகராது. ஒரு கையில் அயர்ன், இன்னொரு கையில் ஈயம். பந்தலில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்கிற மாதிரியே சொன்னேன்:

“நடுக் காலுக்குப் பச்சை. பச்சையக் குடு.”

ஒரு வயரை எடுத்துக் காலில் வைத்துப் பிடித்துக்கொண்டான். வைத்தேன். “இப்ப செவப்பு.” அதையும் பிடித்தான். வைத்தேன். மேலே குழாய் உறையைத் தள்ளி மூடினேன்.

கம்ப்யூட்டரில் சொருகியதும் அவன் கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். சுரீரென்று ஒரு வாடை. மூடியின் இடுக்கிலிருந்து மெல்லிசாகப் புகை. திரையில் ஏதோ எழுத்து வந்தது. அவன் அதைப் படிக்கவில்லை. நான் வயரைப் பிடுங்கிவிட்டுக் குனிந்து, மூடியைத் திறந்து உறையை விலக்கினேன். நடுக் காலில் சிவப்பு இருந்தது.

என்ன கேட்டேன், யாரிடம் கேட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அயர்ன் சூடு ஜாஸ்தி” என்றேன். “ஸ்பீக்கருக்கு வெக்கற அயர்ன் இது. நாந்தான் போர்டக் கருக்கிட்டேன்.”

அவன் கருவியை வாங்கி டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.

“நடுவுல இருக்கறது என்ன கலருப்பா?”

நான் என்ன சொன்னாலும் அவன் நம்பித்தான் ஆக வேண்டும். அவனுக்குப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இல்லை.

“பச்சை” என்றேன். “நீ சரியாத்தான் குடுத்த.”

தீய்ந்த வாடைக்கு என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். நாங்கள் பேசியது எதுவும் அவளுக்குத் தெரியாது.

“அம்மா, இது என்ன கலரு? இந்த நடுவுல இருக்கறது.”

அவள் கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “செவப்பு. ஏன்டா?”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. கருவியைக் கீழே வைத்து, மூடியைப் பொருத்தி, திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கினான். எரிந்துபோனதற்கு அத்தனை இறுக்கம்.

“பரவால்லப்பா. விடு” என்றான்.

அப்புறம் புதிது வாங்கலாமா என்று ரெண்டு தடவை கேட்டேன். வேணாம்பா என்றான். கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறான். லாட்ஜிலிருந்து வருகிறான், சாப்பிடுகிறான், விளக்கை அணைக்கிறான். கூட விமானம் ஓட்டினவர்கள் யாராவது அவனைக் கூப்பிட்டிருப்பார்களா, இவன் ஏதாவது பதில் சொல்லியிருப்பானா என்று தெரியவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

என் மனைவிக்கு அன்று நடந்ததை நான் சொல்லவில்லை. எதையோ மோப்பம் பிடித்துவிட்டாள். சில சாயங்காலங்களில் மூடிய கதவைப் பார்த்தபடி கேட்கிறாள்: “நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?”

“இல்ல” என்கிறேன். “நீ சரியாத்தான் சொன்ன.”