படகுக் கட்டணமும் நான் எழுதிய மனுவும்

இரண்டு வருடமாக என் சனிக்கிழமைகள் படகுச் சண்டையில் போயின, ஞாயிற்றுக்கிழமைகள் கார் சண்டையில் போயின. ஊரப்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் யார் கார் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்பது என்று அடிக்கடி ஒரு மீட்டிங். கோவளத்தில், நான் பிறந்த மீனவக் குப்பத்தில், யார் படகு எந்த மணலில் நிற்பது என்று வாரம் தவறாமல் ஒரு கூட்டம். இரண்டுக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் தாம்பரத்தில் தமிழ் ஆசிரியை. எழுதத் தெரிந்தவள் என்று பெயர் எடுத்துவிட்டால் அப்புறம் ஓய்வு என்பதே கிடையாது.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணனின் வலது தோள் கெட்டுப்போயிருந்தது. அவர் இனிமேல் கடலுக்குப் போக முடியுமா முடியாதா என்பது கரைக்கு ஒரு டிராக்டர் வருவதைப் பொறுத்திருந்தது. இரண்டுமே எனக்குத் தெரியாது. தெரியாமல், அந்த டிராக்டர் வேண்டாம் என்று ஒரு மனுவை, அவரையே எதிரில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினேன்.

எங்கள் கரையில் துறைமுகம் இல்லை. ஃபைபர் படகு அலையைத் தாண்டி நேராக மணலில் வந்து முட்டும். உடனே அதை மேட்டுக்கு இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அலை புரட்டிவிடும். படகில் வந்த மூன்று பேரால் அது ஆகாது. முன்னால் கரையேறியவர்கள் ஓடிவந்து தோள் கொடுப்பார்கள். இன்றைக்கு உன் படகுக்கு நான், என் படகுக்கு நீ. யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, கூப்பிடாமலே வர வேண்டும். வராதவன் படகையும் இழுத்துத்தான் விடுவார்கள். ஆனால் ‘பாவம்’ என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். அந்த வார்த்தை ஒருவன் மேல் விழுந்துவிட்டால் அவன் ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. அவனோடு கடலுக்குப் போகும் ஆட்களும் மெல்ல வேறு படகு பார்த்துக்கொள்வார்கள்.

அந்த நாட்களில் அண்ணன் படகுதான் கடைசியாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. எல்லாப் படகும் ஏறி, ஏலம் முடிந்து, நல்ல விலை கொடுக்கிற ஆட்கள் பைக்கில் கிளம்பிப் போன பிறகு அண்ணன் படகு அலைக்கு அப்பால் தெரியும். அண்ணி கூடையை வைத்துக்கொண்டு கரையில் நின்று கத்துவார். “ஊர்ல கீற ஜனமெல்லாம் வந்து குளிச்சி துன்னுட்டு தூங்கப் போயிடுச்சி, இந்த ஆளு மட்டும் இன்னா கடல்ல கோலம் போட்டுகினு கீறாரா?” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஒருமுறை நானே, “அண்ணா, நீ கடலைப் பூட்டிச் சாவி எடுத்துட்டுத்தான் வருவியா?” என்று கேட்டேன். அவரும் சிரித்தார்.

அப்போதுதான் அதிகாரிகள் ஒரு திட்டத்தோடு வந்தார்கள். படகுகளெல்லாம் இப்போது நிற்கிற இடத்திலிருந்து வடக்கே நகர வேண்டும். அங்கே சிமெண்ட் சரிவு கட்டுவார்கள், படகை இழுக்க டிராக்டர் ஒன்று நிறுத்துவார்கள். ஒவ்வொரு படகுக்கும் நம்பர் போட்ட இடம் உண்டு. அதற்கு மாதா மாதம் நிறுத்தக் கட்டணம். இதைச் சொல்லிவிட்டு அவர்கள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள், ஊர் இரண்டாகப் பிளந்துவிட்டது.

தெற்கே நிற்பவர்கள், “எங்க தாத்தா கட்டுமரம் போட்ட எடத்த வுட்டுட்டு எதுக்குப் போவணும்?” என்றார்கள். வடக்கே நிற்பவர்கள், “எங்க எடத்துல நீங்க எதுக்கு வரணும்?” என்றார்கள். இரண்டு என்ஜின் வைத்தவனுக்கும் ஒரு என்ஜின் வைத்தவனுக்கும் ஒரே கட்டணமா என்று ஒரு சண்டை. வருடத்தில் மீன்பிடித் தடைக்காலம் முழுக்கப் படகு சும்மா நிற்கிறதே, அதற்கும் கட்ட வேண்டுமா என்று இன்னொரு சண்டை. பக்கத்தில் அலைச்சறுக்குப் பலகையோடு வருகிற பிள்ளைகளிடமும் வாங்குவீர்களா என்று ஒருவர் கேட்டு, அது ஒரு சாயங்காலம் முழுக்க ஓடியது. ஊர்த் தலைவர், என் அப்பாவின் சிநேகிதர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், “கடலம்மா வூட்டு வாசல்ல போட்டை நிறுத்தறதுக்கு டோக்கனாடா?” என்று ஒரே போடாகப் போட்டார். அதில் மட்டும் தெற்கும் வடக்கும் ஒன்றாகத் தலையாட்டின.

நான் வண்டலூரில் பஸ் பிடித்து, கேளம்பாக்கம் வழியாக ஆடி அசைந்து வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இத்தனையும் குறிப்பு எடுப்பேன். போன வாரம் முடிந்த சண்டை இந்த வாரம் முதலிலிருந்து தொடங்கும். கத்தின தொண்டைக்குச் சோடா வரும். திரும்பிப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அதுவே பெரிய வரம் என்று தோன்றும். அலுத்துப் போயிருந்தேன். யார் எங்கே நிறுத்தினால் எனக்கென்ன என்றுகூட நினைத்திருக்கிறேன். பிறந்த ஊரைப் பற்றி அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டும் இருக்கிறேன்.

ஒருவழியாகக் கூட்டம் முடிவெடுத்தது. இடம் மாற மாட்டோம், கட்டணம் கட்ட மாட்டோம், அவ்வளவுதான். டிராக்டரைப் பற்றி யாரும் ஒன்றும் முடிவு செய்யவில்லை. இதை நான் இப்போது நூறு தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். என் குறிப்பு நோட்டிலும் டிராக்டர் வேண்டாம் என்று ஒரு வரி இல்லை. தலைவர் அண்ணனைப் பார்த்து, “உன் தங்கச்சி நல்லா எழுதும். நீயே போய் மனு எழுதி வாங்கினு வா” என்று அனுப்பினார்.

அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரப்பாக்கம் வந்தார். நான் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து, விடைத்தாள் கட்டை மேசையில் போட்டிருந்தேன். டீ கொடுத்தேன். டம்ளரை இடது கையால் வாங்கினார். அதைப் பார்த்தேன், ஒன்றும் நினைக்கவில்லை.

சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பேனாவை எடுத்ததும் எனக்கு ஒரு வேகம் வந்துவிடும். தமிழ் வாத்தியார்களுக்கு உள்ள வியாதி இது. இரண்டு கோரிக்கை, நான்கு வரி, கீழே கையெழுத்து என்று முடிந்திருக்க வேண்டிய காகிதம். நான் மூன்று பக்கம் எழுதினேன். எழுதி முடித்து உரக்கப் படித்தும் காட்டினேன். நடுவில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘எங்கள் படகுகளைக் கரையேற்ற எங்கள் தோள்கள் போதும். எந்த இயந்திரமும் எங்களுக்குத் தேவையில்லை.’

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “அந்தத் தோளு வரிய எடுத்துடேம்மா” என்றார்.

“ஏண்ணா?”

“இல்ல, அது இன்னாத்துக்கு. காசு கட்ட மாட்டோம்னு சொன்னா போதாதா? வண்டி வந்தா வந்துட்டுப் போவுது.”

“அண்ணா, மொத்த மனுவுக்கும் உயிரே அந்த வரிதான். அதை எடுத்தா அப்புறம் என்ன இருக்கு? படிக்கிற அதிகாரி மனசுல ஏதாவது தைக்க வேண்டாமா?”

“அதுவும் சரிதான்” என்றார். “உனக்குத் தெரியாததா.”

அத்தோடு விட்டுவிட்டார். நானும் விட்டுவிட்டேன். களைப்பாக இருந்தது, அடுத்த நாள் திருத்த வேண்டிய தாள்கள் இருந்தன. மடித்துக் கொடுத்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துபோனார்.

அடுத்த கூட்டத்தில் மனுவை என்னையே படிக்கச் சொன்னார்கள். மைக் கொடுத்தார்கள். அந்தத் தோள் வரி வந்தபோது பெண்கள் பக்கமிருந்து ஒரு கைதட்டல் ஆரம்பித்தது, பிறகு மொத்தக் கூட்டமும் தட்டியது. ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் இருந்த தெற்குக்காரர்களும் வடக்குக்காரர்களும் தட்டினார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்வானேன். இருபது வருடம் வகுப்பில் கத்தியதில் கிடைக்காதது அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்தது. மறுநாள் என் வீட்டுக்கு ஒரு முழு வஞ்சிரம் வந்தது.

மனு வேலை செய்தது. சில மாதங்கள் கழித்து அதிகாரிகள் திரும்ப வந்தார்கள். ஊர் விரும்பாததால் இடமாற்றமும் இல்லை, கட்டணமும் இல்லை என்றார்கள். சரிவும் டிராக்டரும், அவற்றைக் கேட்ட வேறொரு கரைக்குப் போய்விட்டன என்றார்கள். தலைவர் அப்போதுதான், “வண்டியாவது குடுத்துட்டுப் போலாமே சார்” என்று இழுத்தாராம். அதற்கு அந்த அதிகாரி மனுவை விரித்து, இயந்திரம் தேவையில்லை என்று நீங்களேதானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று காட்டினாராம். பொறுமையாகவே பேசினாராம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, எழுதியிருந்ததைத்தான் படித்தார்.

அதற்கப்புறம் வந்த மழைக்காலத்தில் அண்ணி போன் செய்தார். “உங்க அண்ணன் போட்டை வித்துட்டாரு” என்றார். உடனே போனை வைத்துவிட்டார். வழக்கமாக அரை மணி நேரம் பேசுகிறவர்.

அடுத்த பஸ்ஸில் போனேன். அண்ணி பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் வேறு யாரிடமோ வாங்கிய மீனை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

“ஒரு வருசமா அவருக்கு நான்தாம்மா சட்டை போட்டு வுடறேன். கை தோளுக்கு மேல போவாது. கடலுக்குள்ள ஒண்ணும் இல்ல, இஞ்சின் புடிக்க எடக்கை போதும், வலை இழுக்க ரெண்டு ஆளு கீது. கரைக்கு வந்தாதான் பேஜாரு. மத்தவங்க போட்டுக்குத் தோள் குடுக்க முடியாது. குடுக்காம நம்ம போட்டை மட்டும் இழுங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சிகினு நிக்கறது? அதான் எல்லாரும் ஏறட்டும்னு வெளியிலயே போட்டை நிறுத்தினு கெடந்தாரு. எனக்கே ரொம்ப லேட்டாதான் தெரியும்.” மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துக்கொண்டார். “வண்டி வந்தா எவன் தயவும் வாணாம், காசக் கட்டிட்டு ராஜா மாதிரி ஏறிப்பேன்னு சொல்லினு இருந்தாரு. அந்தக் காசக் கட்ட அவருதான் மொத ஆளா ரெடியா இருந்தாரு.”

தாம்பரத்தில் எலும்பு டாக்டரிடம் மூன்று தடவை வந்து போயிருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. என் பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு முதலில் கோபமாக வந்தது. அந்தக் கோபம் தீரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தீர்ந்த பிறகு கோபப்பட மிச்சம் இருந்தது நான்தான்.

அண்ணன் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். பெரும்பாக்கம் பக்கம் ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை கேட்டிருப்பதாகச் சொன்னார். உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், தோளுக்கு ஒன்றும் ஆகாது என்றார். அந்தக் குரலில் குறை எதுவும் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“இன்னொரு மனு எழுதறேன் அண்ணா. டிராக்டர் மட்டும் வேணும்னு. இன்னிக்கே எழுதறேன்.”

“எழுதி? என் தோளு போயிடுச்சின்னு ஊர்க் கூட்டத்துல மைக்ல படிப்பியா?” என்றார். “வுடும்மா. போட்டும் போயிடுச்சி.”

“அன்னிக்கு என் வீட்டுல உக்காந்துகிட்டு இருந்தியே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த வரியை அடிச்சிருப்பேனே. ஏண்ணா சொல்லல?” அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து என் குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது.

அவர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், என்னைச் சமாதானம் செய்ய வேண்டியது அவர் வேலை என்பது போல.

“நீ எழுதினு இருந்தப்போ உன் மூஞ்சியப் பாத்தேன். அவ்ளோ சந்தோசமா கீற, அதுல போய் இதச் சொல்வாங்களா? அப்பாலயும் நல்லதாதான் ஆச்சி. நீ மைக்ல படிச்சப்போ ஊரே கை தட்டிச்சில்ல, நானும் பின்னால நின்னுகினு தட்டினேம்மா. சோத்துக் கை எழும்பல. எடக்கையால தொடையிலதான் தட்டினேன்.”