நாலாவது பாட்டுக்கு முன்னால்

என் தம்பிக்கு அந்த அமெரிக்கக் கேசட் மேல் இருந்த பைத்தியத்தை எதில் சேர்ப்பது என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை. மெட்ராஸில் காலேஜ் படிக்கப் போனவன் அங்கிருந்து கொண்டுவந்தது அது ஒன்றுதான். அட்டையில் தலைமுடி வளர்த்த நாலு பேர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். பக்கத்துக்கு ஐந்து பாட்டு. வடக்கனந்தலில் எங்கள் வீட்டில் காலையில் பால் கறக்கும்போதும் அதுதான், கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அப்பா சாப்பிட உட்காரும்போதும் அதுதான். ஒரு வார்த்தை புரியாது. கிடாரை அடித்து ஒருத்தன் வயிற்றுவலிக்காரன் மாதிரி கத்துவான். இவன் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் தாளம் போடுவான். கருமம் என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

கல்யாணமாகி நான் வெள்ளிமலைக்குப் போனதில் ஒரே நிம்மதி, அந்தச் சத்தம் இல்லாததுதான். என் வீட்டுக்காரருக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. நான் கிளம்பிய அன்று ஊரே பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்பியது. அம்மா மட்டும் வரவில்லை. கொல்லையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். ‘போய்ட்டு வா’ என்றாள், அதோடு சரி. பெற்ற மகளை மலைக்கு அனுப்புகிற அன்றைக்கா சாணி? பஸ் மலை ஏறும் வரை அழுகையும் ஆத்திரமுமாக இருந்தேன். பிறகு ஊருக்கு வந்தபோதெல்லாம் ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றும். கேட்டால் அழுதுவிடுவேனோ என்று விட்டுவிடுவேன்.

இரண்டு வருஷம் கழித்து இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. கீழே ரோட்டில் இருந்த புளியமரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, கடை இல்லை. அந்தச் சமயம் பார்த்து அம்மாவுக்கு மூச்சிழுப்பு அதிகமானது. என்னைப் பார்க்கணும், பேசணும் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் மலையில், கைக்குழந்தையோடு. எனக்கு ஒன்றும் தெரியாது.

புளி விற்க இறங்கிய மலைக்காரர் ஒருவர் கீழே மாட்டிக்கொண்டு, மறுநாள் விடிந்ததும் காட்டு வழியாக நடந்தே வெள்ளிமலைக்குத் திரும்புவதாக இருந்தார். அவரிடம் அம்மா பேச்சைப் பதிந்து கொடுத்தனுப்பலாம் என்று தம்பிக்கு யோசனை. துபாய்க்குப் போனவர்களுக்கு அப்படித்தானே அனுப்புவார்கள். ஆனால் காலிக் கேசட் வாங்கக் கடை ஏது? வீட்டில் இருந்தது அந்த அமெரிக்கக் கேசட் ஒன்றுதான். அதன் முதுகில் இருக்கும் ஓட்டையில் காகிதத்தை மடித்து அடைத்தால் அதிலேயே பதியலாம். அடைத்தான். அதற்கும் இந்தத் துரை ஒரு கணக்குப் போட்டார். மூன்றாவது பாட்டு அவனுக்குப் பிடிக்காது, அதை அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம். நாலாவது பாட்டு உயிர், அதைத் தொடக் கூடாது.

பெற்ற தாய் ஒரு பாட்டு நீளத்துக்குள் பேசி முடிக்க வேண்டுமாம்!

கேசட் என் கைக்கு வந்தது. டேப்பில் போட்டேன். இரண்டு பாட்டு கத்தி ஓய்ந்ததும் அம்மா வந்தாள். மூச்சு வாங்க வாங்க, ஆடு மூணு குட்டி போட்டதைச் சொன்னாள். எதிர்வீட்டு மருமகள் கோவித்துக்கொண்டு போனதைச் சொன்னாள். குழந்தைக்கு வசம்பு உரசிக் கொடு என்றாள். பிறகு குரல் மாறியது. “பாப்பா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னே இருந்தேன். நீ மலைக்குப் போனியே, அன்னிக்கு நான் ஏன் பஸ்ஸாண்ட வரலன்னா...”

டக்.

அடுத்த நொடி கிடார். அந்த வயிற்றுவலிக்காரன்.

திருப்பிப் போட்டேன். மறுபடி போட்டேன். அதே இடத்தில் அதே டக். மரங்களை அகற்றி முதல் பஸ் ஓடியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அதற்கு முன்பே அம்மாவைச் சுடுகாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

அன்றைக்குத் தம்பியைக் கேட்ட கேள்விக்கு வேறு யாராக இருந்தாலும் தூக்கில் தொங்கியிருப்பார்கள். “கடியாரத்தப் பாத்துட்டே இருந்தேன், நாலாவது பாட்டு வர்ற நேரம் ஆயிடுச்சிக்கா, கை தானா அமுக்கிடுச்சி. மீதிய நீ வந்தா நேர்ல சொல்லிக்கட்டும்னு இருந்தேன்” என்றான். என்னதான் சொல்ல வந்தாள் என்று கேட்டேன். தெரியாது என்றான். கேட்டிருக்கலாமே என்றேன். இருமல் வந்துவிட்டதாம், படுத்துக்கொண்டாளாம். இவ்வளவுக்கும் அவனுக்கும் ஒரு குறை: அம்மா கொஞ்சம் அதிகம் பேசியதில் அவன் பாட்டின் ஆரம்பம் அழிந்துவிட்டதாம். அறைந்திருப்பேன், துக்க வீடு என்று விட்டேன்.

கேசட்டை நான் கொடுக்கவில்லை. பிறகு நாங்கள் கள்ளக்குறிச்சிக்கே மாற்றலாகி வந்தோம். அவன் பொங்கலுக்கு வந்தாலும் துணிக்கடைக்கு வந்தாலும் ‘அம்மா குரலைக் கேக்கணும்க்கா’ என்பான். போடுவேன். அம்மா முடிந்ததும் எழுந்திருப்பானா? மாட்டான். பக்கம் தீரும் வரை உட்கார்ந்து முழங்காலில் தாளம். அம்மாவைக் கேட்க வேண்டுமென்றால் அந்தக் கத்தலையும் கேட்டாக வேண்டும் என்பது என் தலையெழுத்து. பாத்திரம் தேய்க்கும்போது என் வாயே அந்த நாலாவது பாட்டை முனகுகிறது. என்ன சொல்ல!

போன மாசம் தம்பி மகன் வந்தான். அதே நாலு பேர் படம் போட்ட பனியன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் அது பிடிக்கிறதாம், உலகம் முழுக்க இன்னும் கேட்கிறார்களாம். யார் இல்லை என்றது? என் உயிரைத்தான் விடாமல் வாங்குகிறதே. “அத்த, கீறல் இல்லாம சுத்தமா இருக்கு, கேளு” என்று போனில் நாலாவது பாட்டைப் போட்டான். தம்பியும் பக்கத்தில் இருந்தான்.

முதலில் ஒரே ஒரு தந்தி, மெதுவாக, நின்று நின்று அடித்தது. கேசட்டில் அழிந்துபோனது, நான் மறந்தே போயிருந்த ஆரம்பம். என்னை அறியாமல் என் வாய், “பஸ்ஸாண்ட வரலன்னா” என்றது. திரும்பிப் பார்த்தேன். தம்பியின் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

பாட்டு முடியும் வரை அவன் தாளம் போடவில்லை.

“முழுசா கேட்டா ஏதோ கொறையுதுக்கா” என்றான்.

“கொறை வெச்சதே நீதானடா” என்றேன். எழுந்து போய் பீரோவிலிருந்து கேசட்டை எடுத்து வந்தேன்.