ஆணியில் தொங்கிய வாட்ச்

எங்கள் கைபேசிக் குழுவில் எல்லாருமே வாட்ச் பைத்தியங்கள். தினம் ஒருவர் தன் வாட்ச்சைப் படம் பிடித்துப் போட்டு, அது வந்த கதையையும் எழுத வேண்டும். நேற்று என் முறை. வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று ஜன்னல் கொக்கியில் மாட்டினேன். அடுப்படியிலிருந்து என் மனைவி வந்தாள், எடுத்து மேசையில் வைத்தாள், போய்விட்டாள். மறுபடி மாட்டினேன். மறுபடி வந்து எடுத்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச் அது. கீ கொடுக்கிற வகை. அப்போது என் கை முருங்கைக்காய் மாதிரி இருக்கும். வாரை எவ்வளவு இறுக்கினாலும் வாட்ச் முழங்கை வரை ஓடும். மாமனாரே கோணி ஊசியைக் காய்ச்சி இன்னொரு ஓட்டை போட்டுக் கொடுத்தார். மனுஷன் அதையும் கோணலாகத்தான் போட்டார்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்குக் கணக்கப்பிள்ளை வேலை. வெடிமருந்து கலக்கும் மருந்து அறைப் பக்கம் போகிறவன் உடம்பில் இரும்புச் சாமான் இருக்கக் கூடாது. ஒரு உரசல் போதும். அதனால் முன்வாசலில் ஒரு பலகை, ஆளுக்கொரு ஆணி. காலையில் வாட்ச்சைக் கழற்றி மாட்டிவிட்டுப் போவோம், திரும்பும்போது எடுத்துக் கட்டிக்கொள்வோம். வெடிச் சத்தம் கேட்டு ஓடிவருகிற பெண்கள் யாரையும் விசாரிக்க மாட்டார்கள். நேரே பலகையைத்தான் பார்ப்பார்கள். ஆணி காலி என்றால் ஆள் வெளியே வந்துவிட்டான்.

அது தீபாவளி சீசன். விருதுநகரிலிருந்து அட்டை லோடு ஏற்றி வர வேண்டுமென்று முதலாளி என்னை அவசரமாக லாரியில் ஏற்றிவிட்டார். லாரி பின்கேட் வழியாகவே கிளம்பிவிட்டது. மத்தியானம் ஒரு மருந்து அறை வெடித்தது. சாமி புண்ணியம், சாப்பாட்டு நேரம், உள்ளே ஒருத்தரும் இல்லை. கூரையும் சுவரும்தான் போயின. ஒவ்வொருவராக வந்து அவரவர் வாட்ச்சை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒன்று மட்டும் தொங்கியது. வாரில் கோணல் ஓட்டை. என்னை அனுப்பிய முதலாளியோ போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள அப்போது செல்போன் ஏது?

பொழுது சாய நான் லோடோடு வந்து இறங்கினேன். என் புது மனைவி கேட்டில் நின்றாள், வாட்ச்சைக் காதோடு வைத்துக்கொண்டு. அழவில்லை.

"இது ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதைக் கேட்டுக்கிட்டேதான் இம்புட்டு நேரம் உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள்.

என் கையை இழுத்து அவளே கட்டிவிட்டாள். அன்றைக்கு நான் கும்பிடாத சாமி இல்லை. அவசரப்படுத்திய அந்த முதலாளிக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். வேறு எதற்கும் அவரைக் கும்பிட்டதில்லை.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை, பலகை இல்லை, மாமனாரும் இல்லை. வாட்ச்சும் நின்றுவிட்டது. பார்ட்ஸ் கிடைக்காது என்று சிவகாசிக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

நேற்று மூன்றாவது தடவையும் நான் கொக்கிப் பக்கம் போனபோது, "தொங்க விடாதீக. என் கையில வச்சு எடுங்க," என்று உள்ளங்கையை நீட்டினாள். மாவு ஒட்டிய கை. அப்படியே எடுத்தேன். முடிந்ததும் பழைய பழக்கத்தில் வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை.

"நின்னா நிக்கட்டும். நீங்க இருக்கீகள்ல," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.