குங்குமம் வச்ச டிஸ்க்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நான் மூட்டை தூக்கிக்கிட்டிருந்த காலம். எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ. மெட்ராஸ் பஸ் மேலேயிருந்து அந்தக் கம்ப்யூட்டரை இறக்கியது நான்தான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் முதலாளி பழசாக வாங்கியிருந்தார்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். என் பெண்டாட்டி பத்தாவது பாஸ். அந்த இன்ஸ்டிட்யூட்டில்தான் டைப் கற்றாள்.

"பாண்டிச்சேரி போய் கம்ப்யூட்டர் கத்துக்கினு வாம்மா. உன்னையே டீச்சரா போட்டுடறேன்" என்றார் முதலாளி.

அந்தக் கோடை முழுக்க பஸ்ஸில் போய் வந்தாள். கடைசியில் அங்கே இருந்தவர்கள் பாடத்தையெல்லாம் ஒரு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார்கள். கறுப்பாக, சதுரமாக, மெல்லிசாக இருக்கும். அதை டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு நடுவில் வைத்திருந்தாள்.

ஆயுத பூஜை அன்று வகுப்புத் திறப்பு. டைப்ரைட்டருக்கெல்லாம் அவள்தான் பொட்டு வைத்தாள். கம்ப்யூட்டருக்கும் வைத்தாள். டிஸ்க்கின் ஓரத்திலும் கடுகளவு வைத்தாள்.

கற்பூரம் காட்டியானதும் டிஸ்க்கைச் செருகினாள். கரண்ட் போட்டது நான். பச்சையாக ரெண்டு வரி வந்தது. அதோடு நின்றது. ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது. அணைத்துப் போடு என்றார்கள். போட்டேன். அதே ரெண்டு வரி.

"இன்னாம்மா இது?"

"தெரியல சார். பாண்டிச்சேரில நல்லா ஓடிச்சு."

முதலாளி டிஸ்க்கை உருவிப் பார்த்தார். "இதுல ஏம்மா குங்குமம் வச்சே?"

"ஓரத்துலதான் சார்..."

"படிச்ச பொண்ணு செய்யற வேலையா?"

சேர வந்தவர்கள் பொரியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் டீக்கடையில் ஒருத்தன் கேட்டான். "இன்னாபா, உன் ஊட்டுக்காரி ஒரு பொட்டுலயே மெஷின படுக்க வச்சிட்டாளாமே?" நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த அமாவாசை அன்று மெட்ராஸிலிருந்து மெக்கானிக் வந்தார். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற பஸ் கூட்டத்தில் நசுங்கி வந்திருந்தார். "ரெண்டு பித்தான அங்காளம்மாவுக்கே குடுத்துட்டேன் சார்" என்று சட்டையைக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

தான் கொண்டுவந்த டிஸ்க்கைப் போட்டார். மெஷின் ஓடியது. என் பெண்டாட்டி முகம் செத்துவிட்டது. பிறகு அதை எடுத்துவிட்டு அவள் டிஸ்க்கைப் போட்டு என்னவோ தட்டினார். அவள் படித்த பாடங்களின் பேரெல்லாம் வரிசையாக வந்தது. அவள் மெஷின் கண்ணாடிமேல் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"டிஸ்க் நல்லா இருக்குது சார். குங்குமத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ஒரு பாடத்தைத் திறந்தார். மெஷின் நின்றது.

மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பூரான் மாதிரி கால் வைத்த ஒரு கறுப்புச் சிப்பு. கரண்ட் போட்டதும் முதலில் முழிப்பது அதுதானாம். அதில் இருப்பது கம்பெனியிலேயே எழுதி வைத்ததாம். அவள் டிஸ்க் பாண்டிச்சேரி மெஷினின் சிப்புக்கு ஏற்றது. இந்தச் சிப்புக்கு அது கேட்பதைச் செய்யத் தெரியாது.

"மெஷினும் கெடல. டிஸ்க்கும் கெடல. ரெண்டும் சேராது, அவ்ளோதான்."

"சிப்ப மாத்திடு" என்றார் முதலாளி.

"அந்தச் சிப்பு இந்த போர்டுல வேலை செய்யாது சார்."

"அப்போ இந்த மெஷினுக்கு ஏத்த பாடம் வாங்கியா."

"இத செஞ்ச கம்பெனியே மூடிட்டாங்க சார்."

முதலாளி கழற்றிய மூடியை எடுத்து மெஷின்மேல் வைத்தார். பிறகு சொன்னார். "என்ன இருந்தாலும் அந்தக் குங்குமத்த வச்சிருக்கக் கூடாது."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். எனக்கு இன்னா தெரியும், பேச?

கம்ப்யூட்டருக்குத் துணி போட்டு மூடினார்கள். டீச்சர் வேலையைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. டிஸ்க் திரும்பப் புடவைக்கு நடுவில் போனது. அவள் மல்லாட்டை மில்லுக்கு, வேர்க்கடலை உடைக்கிற வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மில்லில் மூட்டை இருந்தால் நானும் போவேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த மில்காரர் குங்குமத் தட்டை அவளிடம் நீட்டினார். "நீ வைம்மா. படிச்ச கை."

அவள் வாங்கினாள். தோல் உடைக்கும் மெஷினைப் பார்த்தாள். தட்டை என்னிடம் கொடுத்தாள்.

"நீங்க வைங்க."

வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் வெளியே வெயிலில் போய் நின்றிருந்தாள். பெல்ட் சுற்றி, மெஷின் ஓடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே வந்தாள்.